கணனியை யார் கையில் ஒப்படைப்பது?

காணி உறுதியை எடுக்க முடியாமல் ஊரைவிட்டு வந்தவர்களுக்கு ஒரு தாளின் அருமை தெரியும். இறம்பொடையில் மரக்கறிச் சங்கமோ சிறுகடையோ தொடங்கிக் கணக்கைக் கணனியில் எழுதும்போதும் அதே கவனம் வேண்டும். கணனி பழுதானால் கம்பளையிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ ஒருவரை அழைக்கிறோம். அவரை எப்படித் தெரிவு செய்வது?

2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவையைக் கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தகவல்கள் அழிந்தன. பாவித்த மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. மைக்ரோசொப்ட் அதற்கான ஆதரவை 2023 ஏப்ரலில் நிறுத்தியிருந்தது. அந்தக் காலத்துக்குத் தனியே எடுத்துவைத்த பிரதியும் இருக்கவில்லை. விதைக்கிழங்கு முழுவதையும் ஒரே அறையில் வைப்போமா?

எனவே, வருபவரிடம் கேட்போம்:

1. பிரதி எங்கே இருக்கும்? அழிந்த கணக்கொன்றை எங்கள் முன் மீட்டுக் காட்டுவீர்களா?
2. அழைத்தால் எவ்வளவு நேரத்தில் வருவீர்கள்? மண்சரிவால் பாதை மூடினால் தொலைபேசியில் உதவுவீர்களா?
3. கட்டணம் மாதத்துக்கா, வருகைக்கா? உதிரிப்பாகச் செலவு யாருடையது? எழுத்தில் தருவீர்களா?
4. கடவுச்சொற்கள் எங்களிடமும் இருக்குமா?

தெரிவு செய்தபின் ஒரு கொப்பி வைப்போம். அழைத்த நாள், வந்த நாள், பழுது, செலவு ஆகியவற்றை எழுதுவோம். மூன்று மாதத்துக்கொரு முறை கூடி வாசிப்போம். ஒரே பழுது திரும்பத் திரும்ப வந்தால் விளக்கம் கேட்போம். விளக்கம் இல்லையேல் ஆளை மாற்றுவோம். வேலையை வெளியாருக்குக் கொடுக்கலாம், பொறுப்பு நம்முடையதே.