கர்ப்பிணிக்குச் சூடு பட்டால்...

சோறு வடிக்கும்போது கஞ்சி கையில் கொட்டிவிடுகிறது. தோசைக்கல் விரலைச் சுட்டுவிடுகிறது. குக்கர் ஆவி மணிக்கட்டில் அடித்துவிடுகிறது.

அடுப்படியில் இதெல்லாம் நடப்பதுதான். ஆனால் சூடு பட்ட பெண் கர்ப்பமாக இருந்தால் வீடே கலங்கிவிடுகிறது. "பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ?" என்று மாமியார் பதறுகிறார். "குழந்தைக்கும் தழும்பு விழுமோ?" என்று அந்தப் பெண் அழுகிறாள்.

பயப்பட வேண்டாம். சிறிய சூட்டுக் காயம் தோலோடு நின்றுவிடும். வயிற்றில் இருக்கும் குழந்தைக்குத் தழும்பு விழாது.

பயப்பட வேண்டியது வேறு ஒன்று. வலி தாங்காமல், வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு மாத்திரையை விழுங்குகிறார்களே, அதுதான்! காயம் தோலோடு நிற்கும். மாத்திரையோ குழந்தை வரை போகும்.

முதல் மருந்து தண்ணீர்

சூடு பட்டவுடன் குழாயைத் திறந்து, காயத்தைத் தண்ணீரில் காட்ட வேண்டும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் போதாது. 20 நிமிடம் காட்ட வேண்டும். குழாய் இல்லாவிட்டால் செம்பால் மொண்டு ஊற்றலாம்.

ஏன் இவ்வளவு நேரம்? அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் உடனே ஆறிவிடுகிறதா? தோலும் அப்படித்தான். உள்ளே தங்கிய சூடு சதையைச் சுட்டுக்கொண்டே இருக்கும். தண்ணீர் அந்தச் சூட்டை எடுத்துவிடும். வலியும் குறையும். உடனே செய்ய முடியாமல் போனாலும், 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு.

ஐஸ் வைக்கக் கூடாது. அது புண்ணான தோலை மேலும் கெடுக்கும்.

வளையலைக் கழற்றுங்கள்

சூடு பட்ட கை சிறிது நேரத்தில் வீங்கும். அதற்குள் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட வேண்டும்.

"வளைகாப்பு வளையல் ஆயிற்றே" என்று தயங்க வேண்டாம். வீங்கிய கையில் வளையல் இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்படும். புண் ஆறியதும் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

எதைப் பூசக் கூடாது?

நெய், மாவு, மஞ்சள், இங்க், பற்பசை எதையும் பூசக் கூடாது. சூடு உள்ளேயே தங்கிவிடும். புண்ணில் சீழ் பிடிக்கவும் கூடும்.

கொப்புளத்தை உடைக்காதீர்கள். கிருமி நுழையாமல் காப்பது அந்தத் தோல்தான். சுத்தமான துணியால் லேசாக மூடினால் போதும்.

தீப்புண் களிம்பையும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. சில்வர் சல்ஃபாடையசின் என்ற வெள்ளைக் களிம்பு பல வீடுகளில் இருக்கும். பிரசவம் நெருங்கிய பெண்களுக்கு அது ஆகாது. பிறக்கும் குழந்தையின் மஞ்சள் காமாலையை அது ஆபத்தாக்கக்கூடும்.

எந்த மாத்திரை?

வலிக்காகக் கர்ப்பிணிகளுக்கு டாக்டர்கள் வழக்கமாகக் கொடுப்பது பாரசிட்டமால். அதையும் கேட்டு, சொன்ன அளவில்தான் சாப்பிட வேண்டும்.

ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளைத் தாமாகச் சாப்பிடக் கூடாது. அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்து, பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும். 20 வாரத்துக்குப் பிறகு இவற்றைத் தவிர்க்கும்படி அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020-ல் எச்சரித்தது.

மருந்துக் கடைக்குப் போனால், "நான் கர்ப்பமாக இருக்கிறேன்" என்பதே உங்கள் முதல் வார்த்தையாக இருக்கட்டும்.

எப்போது ஆஸ்பத்திரி?

காயம் உங்கள் கையளவுக்கு மேல் இருந்தால், முகத்திலோ வயிற்றிலோ மூட்டிலோ மறைவிடத்திலோ பட்டிருந்தால், கையிலோ காலிலோ கொப்புளம் எழுந்தால், தோல் வெளுத்தோ கருகியோ போனால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். மின்சாரம் தாக்கினால், காயம் சிறிதாகத் தெரிந்தாலும் போக வேண்டும்.

குழந்தையின் துடிப்பு குறைந்தாலோ, வயிறு இறுகி வலித்தாலோ, இரத்தமோ நீரோ போனாலோ தாமதம் கூடாது. 108-க்குப் போன் செய்யுங்கள். தடுப்பூசி அட்டையையும் கொண்டுபோங்கள். ரண ஜன்னித் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார்.

வருமுன் காப்போம்

மாதம் ஏற ஏற வயிறு முன்னே வரும். பின்னால் இருக்கும் அடுப்பை எட்டுவது கஷ்டம். பாத்திரத்தை முன் அடுப்பில் வையுங்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். தலை சுற்றினால் அடுப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள்.

சோறு வடிக்கும் வேலையை அந்தச் சில மாதங்களுக்குக் கணவர் செய்யட்டுமே! அதனால் அவர் குறைந்தா போய்விடுவார்?