ஊர்க்குருவியும் தூக்கணாங்குருவியும்

சிறு பறவைகள் பலவற்றையும் 'குருவி' என்னும் ஒரே சொல்லாற் சுட்டிவிடுதல் எம்மவர் வழக்கம். யானும் அதற்கு விலக்கானவனல்லேன். ஒருநாள் வகுப்பறைச் சாளரத்துக்கு வெளியே புல்மணி கொத்திநின்ற பறவையொன்றைக் காட்டி, "இதுவே ஊர்க்குருவி" என்றேன். வயற்கரையில் வளர்ந்த மாணவன் ஒருவன் எழுந்து, "இல்லை ஐயா, அது தூக்கணாங்குருவிப் பேடு" என்றான். உற்று நோக்கினேன், அவன் கூற்றே சரியாயிருந்தது.

சேவல்களைப் பிரித்தறிதல் எளிது. ஊர்க்குருவிச் சேவலின் உச்சி சாம்பல் நிறம், தொண்டை கறுப்பு. தூக்கணாங்குருவிச் சேவலுக்கோ, கூடுகட்டுங் காலத்தில் உச்சியும் மார்பும் பொன்மஞ்சளாகும், முகம் கருங்கபிலமாகும். அக்காலம் கழிந்ததும் அது மஞ்சளைக் களைந்து பேடுபோலவே தோன்றும். ஆகவே, இடர்ப்பாடு பேடுகளிடத்தேயாம். இருவகைப் பேடுகளும் முதுகிற் கருங்கோடுகளையுடைய கபிலநிறத்தன.

முதலில் அலகை நோக்குக. தூக்கணாங்குருவியின் அலகு அடிபருத்துக் கூம்பு போன்றது. ஊர்க்குருவியினது அத்துணைப் பருமனன்று. அடுத்து வால்: முன்னையது குறுகியது, பின்னையது சற்று நீண்டது. தூக்கணாங்குருவியின் புருவக்கோடும் மார்பும் மஞ்சள் கலந்த மங்கல் நிறத்தன; ஊர்க்குருவியின் வயிறு அழுக்குச் சாம்பல் வெண்மை. வெயிலும் நிழலும் நிறத்தை மயக்குமாதலால், ஓரடையாளத்தை மட்டும் நம்பி முடிவு கூறலாகாது.

வாழ்க்கைமுறையும் துணைசெய்யும். ஊர்க்குருவி இறப்பிலும் சுவர்ப்பொந்திலும் வைக்கோலை ஒழுங்கின்றித் திணித்து முட்டையிடும். கடைவாயிலில் அரிசி பொறுக்கும். தூக்கணாங்குருவி வயலையும் நாணலையும் நாடிக் கூட்டமாய்த் திரியும். பனையோலை நுனியிலே கூட்டைத் தொங்கவிடும். கூட்டைப் பின்னுவது சேவலே. பாதி முடிந்த கூட்டைப் பேடு வந்து பார்த்து ஏற்றாலன்றி வேலை முற்றுப்பெறாது.

எம்முன்னோர் 'குரீஇ' எனப் பொதுப்பெயர் கூறியதோடமையாது, சங்கச் செய்யுள்களிலேயே 'தூக்கணங்குரீஇ' எனவும் வேறுபிரித்துரைத்தனர். மேனாட்டறிஞர் லின்னேயஸ் 1766ஆம் ஆண்டில் இதற்கு அறிவியற்பெயர் இட்டபொழுது, பிலிப்பைன்ஸ் தீவின் பெயரைச் சேர்த்துவிட்டார். அப்பறவையின் மூலவிடம் இலங்கையே எனப் பின்னர் திருத்தப்பட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. பெரியோரும் பிழைத்த இடத்தில் யான் பிழைத்தது வியப்பன்று.

ஆயினும், பிழையைப் பிழையாகவே விட்டுவிடலாகாது. எல்லாவற்றையும் 'குருவி' என்போமாயின், அவற்றுள் ஒன்று எம்மூரை விட்டு நீங்கினும் அதனை உணரமாட்டோம். மற்றொன்று முற்றத்தில் நிற்க, "குருவி உண்டே" என்று அமைதியடைவோம். மாணவர்காள், பெயரறிதல் காத்தலின் முதற்படி. பழைய மாணவர்களே, உங்கள் வீட்டிறப்பை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். அங்கே இருப்பது எக்குருவி?