மணிலாவின் பாஷை தேசபாஷையான வரலாறு

திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் கிராமங்களில், வீட்டில் தெலுங்கு பேசி, ஊர் வழக்கையும் கொடுக்கல் வாங்கலையும் தமிழில் நடத்துகிற குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. அருப்புக்கோட்டைத் தேவாங்கர் இல்லங்களிலோ கன்னடம் இன்னும் வாய்மொழியாக வழங்குகிறது. இல்லத்துக்கு ஒரு பாஷையும் சந்தைக்கு ஒரு பாஷையுமாக வாழப் பழகிய இந்த மக்களுக்குப் பிலிப்பைன்ஸ் தேசத்தின் மொழி வரலாறு எளிதில் விளங்கும்.

நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட பாஷைகள் வழங்கும் அத்தீவுகளில், லூசோன் தீவின் மணிலா நகரையும் அதைச் சூழ்ந்த மாகாணங்களையும் தாயகமாகக் கொண்டது தகலாக். மலாய் மொழிக்கு உறவான இது, தமிழைப் போல் சொல்லின் ஈற்றில் மட்டும் விகுதி பெற்று நிற்பதில்லை. நடுவிலும் ஓர் அசையை ஏற்கும். உண்ணுதலைக் குறிக்கும் ‘காயின்’ என்ற சொல், உண்டவனை முதன்மைப்படுத்தும்போது ‘குமாயின்’ என்றும், உண்ட பொருளை முதன்மைப்படுத்தும்போது ‘கினாயின்’ என்றும் உருக்கொள்ளும் நுட்பம் வியந்து போற்றத்தக்கது.

முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த ஹென்ரிக்கே பாதிரியாரின் தமிழ் நூலான ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ல் கொல்லத்தில் அச்சேறியது. பதினைந்தே ஆண்டுகளில், 1593-ல், தகலாக்கும் ஸ்பானியமும் கலந்த ஞானோபதேச நூல் ஒன்று மணிலாவில் வெளிவந்தது. அதில் இடம்பெற்ற பாய்பாயின் லிபி, பாரத லிபிகளின் வம்சத்தைச் சேர்ந்தது. தமிழ் தன் லிபியைக் காத்துக்கொண்டது. தகலாக்கோ நாளடைவில் ரோமன் லிபிக்கு மாறிவிட்டது.

இருபதாம் நூற்றாண்டில் பிலிப்பைன்ஸுக்கு ஒரு தேசபாஷையைத் தேர்ந்தெடுக்க நியமிக்கப்பட்ட சபைக்குத் தலைமை வகித்த ஹைமே தெ வேய்ரா தகலாக்கைத் தாய்மொழியாகக் கொண்டவரல்லர். விசாயா தீவுகளைச் சேர்ந்தவர். அவ்வாறிருந்தும், நூல்வளத்தையும் தலைநகரின் செல்வாக்கையும் சீர்தூக்கித் தகலாக்கையே அச்சபை பரிந்துரைத்தது. தேசவீரர் ரிசால் 1896-ல் சுடப்பட்ட அதே டிசம்பர் 30-ஆம் நாளில், 1937-ல், அதிபர் கேசோன் அதனை அடிப்படையாகக் கொண்ட தேசபாஷையைப் பிரகடனம் செய்தார். 1938-ல் சென்னை ராஜதானியின் பள்ளிகளில் கட்டாயமாக்கப்பட்ட ஹிந்தி, மக்களின் எதிர்ப்புக்குப்பின் 1940-ல் விலக்கப்பட்டது. அதே 1940-ல்தான் பிலிப்பைன்ஸில் தேசபாஷை பள்ளிகளில் புகுந்தது. செபுவானோ பேசும் தென்தீவினருக்கு அதில் மனத்தாங்கல் உண்டாயிற்று. அது நியாயமானதே என்று நான் கருதுகிறேன். பெயரளவிலேனும் அதனைத் தணிக்க, 1959-ல் ‘பிலிப்பினோ’ என்று பொதுப்பெயர் இடப்பட்டது. 1987-ஆம் ஆண்டு அரசியல் சாசனம், பிற மொழிகளின் வளத்தையும் ஏற்று அது வளரவேண்டும் என விதித்து, ஆங்கிலத்தையும் உடன் ஆட்சிமொழியாக வைத்தது.

சட்டத்தைவிட வேகமாக அதைப் பரப்பியவை சினிமாவும் வானொலியும் தொலைக்காட்சியுமே. ஆயினும் வீட்டுமொழிகளின் குறை தீரவில்லை. 2012 முதல் தொடக்க வகுப்புகளில் அந்தந்தப் பிரதேசத் தாய்மொழியே போதனாமொழியாக இருந்துவந்தது. 2024-ல் இயற்றப்பட்ட புதிய சட்டம் அந்த ஏற்பாட்டைப் பொதுவில் நிறுத்தி, ஒரே தாய்மொழிப் பிள்ளைகள் பயிலும் வகுப்புகளில் மட்டும் விருப்பப்படி தொடர இடமளித்திருக்கிறது.