கல்குவாரிச் சுவரில் ஒரு சாட்சியம்: ராபர்ட் நியூட்டனின் ஆய்வும் காத்திருக்கும் மசோதாவும்

புது தில்லி: புவியியல் பாரம்பரிய இடங்களையும் எச்சங்களையும் பேணுவதற்கான வரைவு மசோதா ஒன்றை மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் பொதுமக்களின் கருத்துக்காக வெளியிட்டது. பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சேதப்படுத்துவோருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க அது வகை செய்தது. 2024 இறுதிவரை அந்த மசோதா எந்த அவையிலும் தாக்கலாகவில்லை. பாறைகளுக்கு வாக்குரிமை இல்லை என்பதால் இதில் வியப்படைய ஏதுமில்லை.

ஆனால் பாறை ஒன்று அழிந்தால் உண்மையில் எதை இழக்கிறோம் என்ற கேள்விக்கு விடை தேடுவோர், கர்நாடகத்தின் கனகபுரா வட்டத்தில் உள்ள கப்பாளதுர்கம் மலையடிவாரக் கல்குவாரியைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும்.

அங்கே வெட்டப்பட்ட பாறைச் சுவரில் இரு நிறங்கள் தெரியும். சாம்பல் நிறத்தில் வரிவரியாக அமைந்திருப்பது 'நைஸ்' எனப்படும் உருமாறிய பாறை. அந்த வரிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கரும்பச்சைத் திட்டுகளும் நாளங்களும் ஓடுகின்றன. அவை 'சார்னகைட்'. சென்னைக்காரர்களுக்கு இது பழகிய கல்தான். பரங்கிமலையும் பல்லாவரமும் இதனால் ஆனவை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல் இவ்வகையைச் சேர்ந்தது எனக் கண்ட தாமஸ் ஹாலந்து, 1893-ல் அவர் பெயரையே பாறைக்குச் சூட்டினார்.

மைசூர்ப் புவியியலாளர் பிச்சமுத்து, 1960-ல் 'நேச்சர்' இதழில் எழுதிய சிறு குறிப்பில் கப்பாளதுர்கத்தை உலகுக்குக் காட்டினார். சார்னகைட் உருவாகிக்கொண்டிருந்த நிலையிலேயே அங்கு உறைந்து நிற்கிறது என்பது அவரது கருத்து. ஒரே பாறை, ஒரே ஆழம், ஒரே வெப்பம். ஒரு பகுதி மட்டும் மாறியிருக்க, சில சென்டிமீட்டர் தள்ளி இருப்பது ஏன் மாறவில்லை?

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர்களுள் முதன்மையானவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் நியூட்டன். சோதனைச் சாலையில்தான் அவர் பெயர் பெற்றார். கயனைட், ஆண்டலூசைட், சில்லிமனைட் என்னும் மூன்று கனிமங்களுக்கும் வேதிக் கலவை ஒன்றே. எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில் எது நிலைக்கும் என்பதைத் துல்லியமாக அறிந்தால், அக்கனிமத்தைக் கொண்ட பாறை எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். இவற்றுள் கயனைட்டுக்கும் ஆண்டலூசைட்டுக்கும் இடையிலான எல்லையை அளந்து நியூட்டன் 1966-ல் வெளியிட்டார்.

அடுத்த பணி இன்னும் நுட்பமானது. சிகாகோவில் ஓலே கிளெப்பாவின் வெப்ப அளவைக் கருவியில், சுமார் 700 பாகை செல்சியஸில் உருகிய ஈய போரேட்டில் கனிமங்களைக் கரைத்து, அப்போது உறிஞ்சப்படும் அல்லது வெளிப்படும் வெப்பத்தை அளந்தனர். வேதியியலாளரின் பொறுமை வேண்டிய வேலை அது. இத்தகைய அளவீடுகளைக் கொண்டு 1982-ல் நியூட்டனும் டெக்ஸ்டர் பெர்க்கின்ஸும் ஒரு 'அழுத்தமானி'யை வகுத்தனர். கார்னெட், பைராக்சின், பிளாஜியோகிளேஸ், குவார்ட்ஸ் ஆகியவை ஒரே பாறையில் சேர்ந்திருந்தால், அவற்றின் கலவையிலிருந்தே அப்பாறை தாங்கிய அழுத்தத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

இந்தக் கணக்குகளோடு அவர் தென்னிந்தியாவுக்கு வந்தார். மைசூர் பல்கலைக்கழகத்தின் ஏ.எஸ். ஜனார்த்தனுடனும் சிகாகோவின் ஜே.வி. ஸ்மித்துடனும் இணைந்து 1979-ல் 'நேச்சர்' இதழில் கப்பாளதுர்கம் பற்றி எழுதினார். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஆழத்தில், 700 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் கருப்பு அபிரகமும் குவார்ட்ஸும் வினைபுரிந்து, நீரை இழந்து, பைராக்சினாகவும் ஃபெல்ஸ்பாராகவும் மாறின. வெப்பம் இருபுறமும் ஒன்றாக இருந்ததால் மாற்றத்துக்குக் காரணம் வெப்பம் மட்டும் அல்ல. பாறையின் வெடிப்புகள் வழியே ஆழத்திலிருந்து ஏறிவந்த கரியமில வாயு நீரின் ஆற்றலைக் குறைத்ததே காரணம் என்பது அவர்கள் முடிவு. நார்வேயின் இத்தகைய பாறைகளில் கரியமில வாயு நிறைந்த நுண்குமிழ்களை ழாக் தூரே ஏற்கெனவே கண்டிருந்தார். 1980-ல் நியூட்டன், ஸ்மித், வின்ட்லி மூவரும் இதைக் கண்டங்களின் அடித்தளம் உருவான விதம் பற்றிய பொதுக் கொள்கையாகவே விரித்தனர். தெற்குக் கர்நாடகத்திலிருந்து வட தமிழகம் வரை நைஸ் சார்னகைட்டாக மாறுவதை 1982-ல் ஜனார்த்தன், நியூட்டன், ஹேன்சன் மூவரும் தொடர்ந்து பதிவு செய்தனர்.

எதிர்ப்பு அதே வெப்ப இயக்கவியல் கணக்குகளிலிருந்தே எழுந்தது. இவ்வகைப் பாறைகள் சிலவற்றின் ஆக்சிஜன் நிலையைக் கணக்கிட்ட லாம்பும் வேலியும், கரியமில வாயு வெள்ளமாகப் பாய்ந்திருந்தால் அங்கே கிராஃபைட் படிந்திருக்க வேண்டும், அது இல்லை என்று 1984-ல் சுட்டிக்காட்டினர். கப்பாளதுர்கத்தை ஆராய்ந்த ஜெர்மானியக் குழுவினர், அங்கு உருமாற்றத்தின்போது தனிமங்களே இடம்பெயர்ந்துள்ளன என்று 1987-ல் காட்டினர். தனிமங்களைக் கரைத்துச் சுமந்து செல்லும் திறன் கரியமில வாயுவுக்கு மிகக் குறைவு. கொள்கையில் ஓட்டை விழுந்தது.

நியூட்டன் அதை அடைக்க வாதாடிக்கொண்டிருக்கவில்லை. மீண்டும் சோதனைச் சாலைக்குச் சென்றார். ரஷ்யரான லியோனிட் அரனோவிச்சுடன் சேர்ந்து, அடர்ந்த உப்புக் கரைசல்கள் கடும் அழுத்தத்தில் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்று அளந்தார். 1996-லும் 1998-லும் வெளியான முடிவுகள் தெளிவானவை: மிகுந்த உப்புள்ள நீர், கரியமில வாயுவைப் போலவே பாறையை உலர்த்தவல்லது, தனிமங்களைச் சுமந்து செல்லவும் வல்லது. கரியமில வாயுவை அவர் முற்றாகக் கைவிடவில்லை. ஆனால் அதற்கு இணையாக உப்புநீருக்கும் இடமளித்தார். நேற்றுச் சொன்னதை இன்று மாற்றினால் 'பல்டி' என்று கேலி பேசும் தலைநகரில் இவ்வகை மாற்றத்துக்குப் பெயர் கிடையாது.

2014-ல் ஜப்பானியப் புவியியலாளர் சுனோகேயுடன் இணைந்து, சார்னகைட் அரும்பிய இடங்களின் பாறைகளை அவர் மறுபடியும் ஆராய்ந்தார். விவாதம் அதோடும் முடியவில்லை. பாறை உருகியபோது நீர் அந்த உருகலில் சேர்ந்து வெளியேறியதே போதுமான காரணம் என்போர் இன்றும் உள்ளனர். பிச்சமுத்து முதல் நியூட்டன் வரை, அவரை மறுத்தவர்களும் உட்பட, எல்லோரும் திரும்பிப் பார்த்தது ஒரே சுவரைத்தான். விந்தை என்னவென்றால் அந்தச் சுவரைத் திறந்து காட்டியதே கல்லுடைக்கும் தொழில். மேலும் உடைத்தால் அழிப்பதும் அதுவே.

மசோதா வெளியானபோது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பட்டியலில் 32 இடங்கள் இருந்தன. பரங்கிமலைச் சார்னகைட் அதில் உண்டு. கர்நாடகத்திலிருந்து லால்பாக் நைஸ், மரடிஹள்ளி, கோலார், செயின்ட் மேரீஸ் தீவு ஆகியவை உண்டு. கப்பாளதுர்கம் இல்லை. மசோதாவின் அதிகாரங்கள் முழுவதும் ஆய்வுத் துறையிடமே குவிகின்றன என்று புவியியலாளர்கள் சிலர் குறை கூறினர். சுரங்கங்களை ஏலம் விடுவதற்கான கொள்கையை வகுக்கும் அமைச்சகமே பாறைகளின் காவலராகவும் இருக்க முடியுமா என்பது நியாயமான கேள்வி.

அதைவிடச் சிக்கலானது வேறொன்று. 1957-ம் ஆண்டின் சுரங்கச் சட்டப்படி கட்டடக் கற்கள் சிறுகனிமங்கள். அவற்றுக்கான விதிகளை வகுப்பதும் குவாரி உரிமம் தருவதும் மாநில அரசுகள். மசோதா சட்டமானாலும், கப்பாளதுர்கம் போன்ற இடம் பட்டியலில் ஏறும் வரை அதன் எதிர்காலம் மாநில அலுவலகங்களின் உரிமக் கோப்புகளையே சார்ந்திருக்கும்.