கூச்சத்தில் கரையும் நேரம்

நள்ளிரவில் மகன் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறான், வாந்தியும் எடுக்கிறான். "என்னப்பா செய்கிறது?" என்று தாய் கேட்டால், "வயிற்றுவலிதான் அம்மா" என்கிறான். அவளும் ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்கவைக்கிறாள். உண்மையில் வலி தொடங்கியது விரையில். அதைச் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. தாம்பரம், குரோம்பேட்டைப் பகுதிகளில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவருக்கோ, சொல்லுவதற்குத் தாயும் அருகில் இல்லை.

விரையில் வரும் துன்பம் வயிற்றில் தெரிவது ஏன்? கருவில் விரைகள் உருவாவது வயிற்றினுள், சிறுநீரகங்களுக்கு அருகில். பிறப்பதற்குச் சற்று முன்னரே அவை கீழே இறங்குகின்றன. ஆயினும் பழைய நரம்புத் தொடர்பு அற்றுப்போவதில்லை. ஆகவே விரை நோய் வயிற்றுவலியாகவும், சிறுநீரகப் பாதையில் சிக்கிய கல் விரைவலியாகவும் தோன்றுகின்றன. குடலிறக்கமும் கிருமித் தொற்றும் இவ்வாறே வலி தரும்.

இவற்றுள் சற்றும் காத்திராதது ஒன்றுண்டு. விரையைத் தாங்கும் நாண் முறுக்கிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். பெரும்பாலும் 12 முதல் 18 வயதுக்குள், சில வேளை உறக்கத்திலேயே இது நேரிடும். சுமார் 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்து முறுக்கை நீக்கினால் விரை பெரும்பாலும் பிழைக்கும்; 24 மணி நேரம் கடந்தால் பிழைப்பது அரிது. திடீரென்று வந்த வலி தானே தணிந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டவே வேண்டும். அது திரும்பி வரலாம். இரவாயின் விடியும்வரை காத்திராமல், 108 வாகனத்தை அழைத்தேனும் மருத்துவமனை சேர்வோம்.

எல்லாச் சோதனைகளும் செய்த பின்னும் காரணம் புலப்படாத வலியும் உண்டு. அது கற்பனை அன்று. "உனக்கு ஒன்றுமில்லை" என்று கடிந்து அவனை வாயடைக்கச் செய்யலாகாது. அப்படி வாயடைத்த இளைஞரைத்தான் "வாலிப பலவீனம்" என்று அச்சுறுத்தும் சுவர் விளம்பரங்கள் எளிதில் வளைத்துக்கொள்கின்றன.

நோயை மறைப்பதன் தீமையைத் தாம்பரம் நன்கறியும். 1928-இல் மருத்துவர் சௌரிமுத்து இங்கே காசநோய் சானடோரியத்தை நிறுவினார். 1937-இல் அரசு அதனை ஏற்றது. வெளியே சொல்ல அஞ்சப்பட்ட அந்நோய்க்கு இன்று உரிய மருந்துகள் உள்ளன. எனினும் மருந்து பயன்பட வேண்டுமானால் நோயாளி முதலில் வாய் திறக்க வேண்டும். காசநோய் விரைப்பகுதியையும் தாக்கக்கூடும். அங்கே வலியின்றி மெல்ல வளரும் வீக்கத்தையும் காட்டாமல் விட்டுவிடலாகாது.

மகனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது தந்தை ஒருநாள் அவனைத் தனியே அமர்த்தி, "அங்கே வலித்தால் எந்நேரமானாலும் என்னை எழுப்பு" என்று சொல்லிவைக்கட்டும். தந்தை இல்லாத வீட்டில் தாயோ மாமனோ சொல்லட்டும். இறைவன் படைத்த உடலில் வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய நோய் எதுவுமில்லை. இவ்வொரு சொல் நம் பிள்ளையின் உறுப்பைக் காக்கும்.