உங்கள் ஊர் எது?



"உங்கள் ஊர் எது?" என்று யாராவது கேட்டால் நீங்கள் என்ன பதில் சொல்லுகிறீர்கள்? திருவனந்தபுரத்தில் இருபது ஆண்டுகள் குடியிருந்து, இங்கேயே பிள்ளைகளைப் பெற்று, இங்கேயே வீடும் கட்டிக்கொண்டவர்கூட ஒரு கணம் தயங்கி, "திசையன்விளை" என்றோ "சங்கரன்கோவில்" என்றோதான் சொல்லுகிறார். கோடை விடுமுறைக்கு அந்தத் திசையன்விளைக்குப் போனாலோ, "திருவனந்தபுரத்துக்காரர் வந்திருக்கிறார்" என்கிறார்கள். நம் பிள்ளைகளின் பேச்சில் மலையாளம் கலந்திருப்பதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். திரும்பி வந்தால், பள்ளிக்கூடத்தில் உடன் படிப்போர் அதே பிள்ளைகளைப் "பாண்டி" என்று கேலி செய்கிறார்கள்.

சென்ற விடுமுறை முடிந்து நாகர்கோவிலிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தோம். பாறசாலையைத் தாண்டியவுடன் என் இளைய மகள் கேட்டாள்: "அப்பா, நாம் இப்போது ஊருக்குப் போகிறோமா, ஊரிலிருந்து வருகிறோமா?" பெட்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இம்மாதம் விளையாட்டு, திரைப்படம், அரசியல், நகர வாழ்க்கை என்று நாம் அன்றாடம் காணும் சில காரியங்களை உங்களோடு பேச விரும்புகிறேன்.

சாலைக் கடைவீதி

நம்மில் பலருக்கு இந்நகரம் முதலில் அறிமுகமானது சாலைக் கம்போளத்தில்தான். பாத்திரம், பலசரக்கு, துணி, பூ, வாழையிலை எதுவானாலும் அங்கே தமிழிலேயே விலை கேட்கலாம். தமிழிலேயே பேரம் பேசலாம். பல கடைகளில் முதலாளி "அண்ணாச்சி"தான்.

இக்கடைவீதி தானாக முளைத்ததல்ல. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூரின் திவானாக இருந்த ராஜா கேசவதாசர் இதைத் திட்டமிட்டு அமைத்து, வணிகர்களை அழைத்துக் குடியேற்றினார். அவர் பிறந்த பகுதி இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அதாவது, கேரளத் தலைநகரின் பழைய கடைவீதியை ஏற்படுத்தியவர் பிறந்த மண் இன்றைய தமிழ்நாட்டில் உள்ளது. நாம் நேற்று வந்து ஒண்டிக்கொண்டவர்கள் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால், சாலை வழியாக ஒருமுறை நடந்து பாருங்கள். அந்தத் தெருவில் தமிழ் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் குடியிருக்கிறது.

எந்த அணிக்குக் கைதட்டுவது?

கிரிக்கெட் என்றால் நம் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. தகப்பனார் சென்னை அணியின் பக்கம். மகனோ விழிஞ்ஞத்துச் சஞ்சு சாம்சனின் பக்கம். சென்னையும் ராஜஸ்தானும் மோதிய நாட்களில் இரவுச் சாப்பாட்டு வேளையில் யாரும் யாரோடும் பேசாத வீடுகளை நான் அறிவேன்.

இந்நகரின் கிரிக்கெட் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. 1988 ஜனவரி 25 அன்று பல்கலைக்கழக மைதானத்தில் இந்தியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் ஒருநாள் போட்டியில் மோதின. இந்தியாவுக்காகச் சதம் அடித்தவர் சென்னைக்காரரான ஸ்ரீகாந்த், 101 ஓட்டங்கள். ஆயினும் மேற்கிந்தியர் 9 விக்கெட் வித்தியாசத்தில் எளிதாக வென்றனர். அதன்பின் ஒரு தலைமுறைக் காலம் இந்நகரில் சர்வதேச ஒருநாள் போட்டியே நடைபெறவில்லை. 2018 நவம்பர் 1 அன்று காரியவட்டம் கிரீன்ஃபீல்ட் மைதானத்தில் அதே மேற்கிந்தியர் மீண்டும் வந்தனர். 104 ஓட்டங்களுக்குள் சுருண்டனர். இம்முறை 9 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது இந்தியா! பட்ட கடனை முப்பது ஆண்டு கழித்து அதே கணக்கில் தீர்த்ததுபோல் இருந்தது.

2023 ஜனவரி 15, பொங்கல் நாளன்று, அதே மைதானத்தில் இலங்கையை 317 ஓட்டங்கள் வித்தியாசத்தில் இந்தியா தோற்கடித்தது. ஆடவர் ஒருநாள் போட்டிகளில் ஓட்ட வித்தியாசத்தில் அதுவரை அவ்வளவு பெரிய வெற்றியை எந்த நாடும் கண்டதில்லை. ஆனால் அன்று மைதானத்தில் பெரும்பகுதி இருக்கைகள் காலியாகக் கிடந்தன. உலக சாதனை வீட்டு வாசலுக்கு வந்தும், எழுந்து போய்ப் பார்க்க ஊரில் ஆளில்லை. நம் வாழ்விலும் இப்படி நடப்பதில்லையா? அருகில் இருப்பதன் அருமை அருகில் இருக்கும்வரை தெரிவதில்லை.

சஞ்சுவின் கதைக்கு வருவோம். அவருடைய தகப்பனார் டெல்லி காவல்துறையில் பணிபுரிந்த கால்பந்து வீரர். மகனின் விளையாட்டுக்காகவே குடும்பம் டெல்லியை விட்டுத் தென்கோடிக்குத் திரும்பியது. 2025 நவம்பரில் சஞ்சுவை ராஜஸ்தான் அணியிடமிருந்து சென்னை அணி வாங்கிக்கொண்டது. நாம் பிழைப்புக்காகச் சென்னை மாநிலத்திலிருந்து இங்கே வந்தோம். இங்கே பிறந்தவர் பிழைப்புக்காகச் சென்னைக்குப் போனார்! அந்தச் செய்தி வந்த அன்று, நான் சொன்ன வீடுகளில் தகப்பனும் மகனும் ஒரே அணிக்குக் கைதட்டும் நாள் பிறந்தது. அவரைச் சென்னையில் யாரும் "வந்தேறி" என்று சொல்லலாகாது என்று நாம் விரும்புகிறோம் அல்லவா? அதே அளவை நமக்கும், நம் தெருவுக்குப் புதிதாக வந்திருக்கும் வங்காளத்துத் தொழிலாளிக்கும் வைத்துப் பார்ப்போம்.

ஒரு திரைப்படத்தின் துயரம்

நம் வாசகர்களில் பலர் திரைப்படத்துக்குப் போவதில்லை. ஆயினும் இந்தக் கதையை எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். மலையாளத்தின் முதல் திரைப்படமான "விகதகுமாரன்" இந்தத் திருவனந்தபுரத்தில்தான் எடுக்கப்பட்டது. இங்குள்ள கேப்பிட்டல் கொட்டகையில்தான் திரையிடப்பட்டது. அது 1928இல் என்பாரும் உண்டு. 1930இல் என்பாரும் உண்டு. அதை எடுத்தவர் அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே.சி. டேனியல். சொந்த நிலத்தை விற்று அந்தப் பேசாத படத்தை எடுத்தார்.

படத்தில் உயர்சாதிப் பெண்ணாக நடித்த பி.கே. ரோஸி ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். அதைப் பொறுக்காதவர்கள் திரையின்மேல் கல்லெறிந்தார்கள். அவருடைய குடிசையையும் எரித்தார்கள். அவர் நாகர்கோவில் பக்கம் தப்பிச் சென்று, நடிகை என்ற அடையாளத்தையே மறைத்து வாழ்ந்து மறைந்தார் என்பார்கள். டேனியல் கடனாளியானார். முதுமையில் வறுமையோடிருந்தபோது, நலிந்த கலைஞர்களுக்கான உதவித்தொகை கேரளத்திலிருந்து அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் வாழ்ந்த அகஸ்தீஸ்வரம் 1956க்குப் பின் தமிழ்நாட்டில் இருக்கிறது என்பதே சொல்லப்பட்ட காரணம். 1975இல் அவர் காலமானார். பின்பு கேரள அரசு 1992இல் தன் உயரிய திரைப்பட விருதுக்கு அவர் பெயரைச் சூட்டியது.

வாசகரே, எண்ணிப் பாருங்கள். அவருடைய ஊர் இடம் மாறவில்லை. எல்லைக்கோடுதான் அதைத் தாண்டிப் போயிற்று. "உங்கள் ஊர் எது?" என்ற கேள்வி ஒரு முதியவரின் உதவித்தொகையையே தட்டிப் பறித்தது.

வாக்கு எந்த ஊரில்?

அந்த எல்லைக்கோடு எளிதாக வந்ததல்ல. திருவிதாங்கூரின் தென் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று மார்ஷல் நேசமணியின் தலைமையில் போராட்டம் நடந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டதில் பலர் உயிரிழந்தனர். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. "தினமலர்" நாளிதழும் 1951இல் தொடங்கப்பட்டது இந்தத் திருவனந்தபுரத்தில்தான்; 1957இல் அது திருநெல்வேலிக்குப் போயிற்று. பத்திரிகை போயிற்று, வாசகர்களில் பலர் இங்கேயே தங்கிவிட்டனர். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் அண்டை வீட்டார்.

இவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற உரிமையை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம்? 2025 நவம்பர் 4 முதல் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் ஒரே சமயத்தில் தொடங்கியபோது, நம் வீடுகளில் எழுந்த குழப்பத்தை நினைவுகூருங்கள். ஊரிலிருந்து அண்ணன் தொலைபேசியில், "உன் பெயரை இங்கேயே வைத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார். இங்கே வாசலில் அலுவலர் படிவத்தோடு நின்றார். "இரண்டிலும் இருக்கட்டுமே, என்ன கெட்டுப்போயிற்று?" என்றவர்களும் உண்டு.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒருவர் ஒரே இடத்தில்தான் வாக்காளராக இருக்கலாம். அவர் வழக்கமாகக் குடியிருக்கும் இடமே அந்த இடம். சொந்த ஊரில் வீடு இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் அங்கே குடியிருப்பவராகக் கருதப்படுவதில்லை. தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. குடிபெயர்ந்தவர்கள் படிவம் 8ஐ நிரப்பிப் பெயரை மாற்றிக்கொள்ளலாம்.

யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்கள் மனச்சாட்சியின் காரியம். ஆனால் குடிநீர்க் குழாய் உடைந்தால் நீங்கள் போய் நிற்பது திருவனந்தபுரத்து வார்டு கவுன்சிலர் வீட்டு வாசலில் அல்லவா? வாக்கை ஓரிடத்திலும் குறையை ஓரிடத்திலும் வைத்திருப்பவருடைய குரல் எங்கும் கேட்காது. 2020 டிசம்பரில் ஆர்யா ராஜேந்திரன் என்ற கல்லூரி மாணவி 21 வயதில் இந்நகரின் மேயரானார். அரசியல் பெரியவர்களின் காரியம் என்றிருக்கும் நம் வாலிபப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஆமயிழஞ்சான் ஓடை

கடைசியாக ஒரு துக்கமான காரியம். தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் ஆமயிழஞ்சான் ஓடை ஓடுகிறது. நாமெல்லாரும் பெட்டி படுக்கையோடு அதன்மேல்தான் நடந்து நகருக்குள் வருகிறோம். 2024 ஜூலை 13 அன்று, அந்த ஓடையில் அடைத்துக்கொண்டிருந்த குப்பையை அகற்ற இறங்கிய தற்காலிகத் தொழிலாளி ஒருவர் மழைவெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். தீயணைப்புப் படையும் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் கடற்படையும் தேடின. மலைபோல் குவிந்த குப்பை தேடுவோரையே தடுத்தது. மூன்றாம் நாள்தான் அவர் உடல் கிடைத்தது.

அந்தக் குப்பை யாருடையது? "மாநகராட்சி என்ன செய்கிறது? ரயில்வே என்ன செய்கிறது?" என்று எல்லாரும் கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் இரவில் ஸ்கூட்டரில் வந்து பாலத்தின்மேல் நின்று பையை வீசிவிட்டுப் போனவர்கள் வேற்று நாட்டவர் அல்லர். அவர்களில் நம்மவர் ஒருவரும் இல்லை என்று நம்மால் ஆணையிட்டுச் சொல்ல முடியுமா? "இது நம் ஊரா என்ன?" என்ற நினைப்பு இருக்கும் வரையில் அந்தக் கை வீசிக்கொண்டேதான் இருக்கும். பிறந்த ஊரில் தன் வீட்டு முற்றத்தைச் சாணம் தெளித்துக் கோலமிட்டு வைத்திருந்த குடும்பம், இங்கே வந்தவுடன் அடுத்த தெருவின் ஓடையை மறந்துவிடுகிறது. மாதந்தோறும் வீட்டுக்கு வரும் ஹரித கர்ம சேனைப் பெண்களிடம் பிளாஸ்டிக்கைக் கழுவி உலர்த்திக் கொடுப்பதற்கு அரைமணி நேரம் போதும். அவர்களுக்குரிய சிறு கட்டணத்தை முகம் சுளிக்காமல் கொடுங்கள். அடுத்த தொழிலாளி அந்த இருட்டுச் சுரங்கத்தில் இறங்காதிருக்க நம்மால் ஆனது அது.

இம்மாதம் செய்ய வேண்டியவை

வாக்காளர் பட்டியலில் உங்கள் குடும்பத்தார் பெயர் எங்கே இருக்கிறதென்று பாருங்கள். வீட்டுக் குப்பையை இன்றைக்கே தரம் பிரியுங்கள். பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு நாளாவது தமிழ் எழுத்துப் பயிற்சி கொடுங்கள். பாட்டிக்குத் தம் கைப்பட ஒரு கடிதம் எழுதட்டும். நீங்களோ மலையாள எழுத்தைப் பிள்ளைகளிடமே கற்றுக்கொள்ளுங்கள். பேருந்துப் பலகையைப் படிக்கத் தெரியாமல் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டே இருபது ஆண்டு ஓட்டியவர்கள் நம்மில் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்தான். இரண்டு மொழி அறிந்த பிள்ளை இரண்டு ஊருக்கும் அந்நியன் அல்ல. இரண்டு ஊரிலும் அவனுக்கு வீடு உண்டு.

ரயிலில் என் மகள் கேட்ட கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. தம்பானூரில் இறங்கி, கூட்டத்தில் அவள் கையைப் பிடித்து நடந்தபோதுதான் சொன்னேன்: "ஊரிலிருந்து ஊருக்கு வந்திருக்கிறோம், அம்மா." அவள் தலையாட்டினாள். பிறகு ஆட்டோக்காரரிடம் நம் தெருவின் பெயரை அவளே மலையாளத்தில் சொன்னாள்.