ஒரு கருவியா, இரு கருவிகளா?

இரயில்வேயில் வேலை பார்ப்பவனுக்கு வழிகாட்டும் கருவி எதற்கு என்று அன்பர்கள் நகைக்கக்கூடும். தண்டவாளம் போகும் வழியே வண்டி போகும். வண்டி போகும் வழியே நாமும் போவோம். பாஸ் எழுதி வாங்கிக்கொண்டு ஆண்டுதோறும் ஊருக்குச் சென்று திரும்பும் எனக்கும் அந்த எண்ணமே இருந்தது. சென்ற ஆண்டு என் மனைவியின் தமையனார் பழைய கார் ஒன்றை வாங்கினார். கோடை விடுமுறையில் நாக்பூரிலிருந்து, திண்டுக்கல்லுக்கு அப்பாலுள்ள எங்கள் கிராமத்திற்குக் காரிலேயே செல்வதென்று முடிவாயிற்று. அவருடைய மகனுக்கு வயது பதினான்கு. ‘ஜியோகேச்சிங்’ என்னும் விளையாட்டில் மனத்தைப் பறிகொடுத்தவன். “காருக்கும் வழி சொல்ல வேண்டும், இவன் பெட்டி தேடும் மலைக்கும் வழி சொல்ல வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு கருவி பார்த்துச் சொல்லுங்கள், மாப்பிள்ளை” என்று பொறுப்பை என் தலையில் வைத்தார் மைத்துனர். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்க விரும்பினார். குமாஸ்தாவின் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

அவ்விளையாட்டைப் பற்றி முதலில் சில வார்த்தைகள். அமெரிக்க அரசு ஏற்படுத்திய ஜி.பி.எஸ். அமைப்பில், பொதுமக்களுக்குக் கிடைக்கும் அளவு வேண்டுமென்றே பிழைபட வைக்கப்பட்டிருந்தது. 100 மீட்டர் வரையிலும் தவறு நேரும். 2000ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் தேதி அந்தத் தடை நீங்கிற்று. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியில் சில பொருள்களை இட்டு மறைத்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை உலகுக்கு அறிவித்தார். தேடிச் சென்று கண்டவர், உள்ளிருக்கும் குறிப்பேட்டில் பெயர் எழுத வேண்டும்; ஒரு பொருளை எடுத்தால் ஈடாக வேறொன்றை வைக்க வேண்டும். இன்று உலகெங்கும் இத்தகைய பெட்டிகள் முப்பது இலட்சத்திற்கு மேல் உள்ளன.

கருவி செய்யும் வேலை

பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தை ஒலிபரப்புகின்றன. குறைந்தது நான்கு கோள்களின் செய்தி கிடைத்தால் கருவி தன் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். இது வானொலிப் பெட்டியைப் போல வாங்கிக்கொள்ளுமேயன்றி எதையும் அனுப்பாது. மாதக் கட்டணமும் இல்லை. வட இந்தியாவில் பனிமூட்டக் காலத்தில், அடுத்து வரும் சிக்னலை இஞ்சின் ஓட்டுநருக்கு முன்கூட்டி அறிவிக்கும் கருவியும் இம்முறையிலேயே இயங்குகிறது.

இதில் பலருக்கும் ஒரு மயக்கம் உண்டு. கைப்பேசியில் டவர் இல்லாவிட்டால் இடம் தெரியாது என்று எண்ணுகிறார்கள். டவர் இல்லாத இடத்திலும் கைப்பேசி தன் இடத்தை அறியும். காட்டுவதற்கு வரைபடந்தான் இராது. புறப்படுமுன் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டால் அக்குறை தீர்ந்தது.

சாலையின் தேவையும் மலையின் தேவையும்

பல நாள் விசாரித்ததில் எனக்கு விளங்கியது, இரண்டு வேலைகளும் ஒன்றுக்கொன்று முரணானவை என்பதே. காருக்கு உரிய கருவியின் திரை ஐந்து அங்குலத்திற்குக் குறையாதிருத்தல் நலம். ஓட்டுபவர் சாலையினின்றும் கண்ணை எடுக்காதிருக்க, ‘இடப்புறம் திரும்புக’ என்று அது வாயால் சொல்ல வேண்டும். காரிலிருந்தே மின்சாரம் பெறுவதால் அதன் சொந்த பாட்டரி சிறியது. வெளியே எடுத்தால் நெடுநேரம் தாங்காது. மழையும் அதற்கு ஆகாது.

பெட்டி தேடுவதற்கு வேண்டியது வேறு. கையில் அடங்க வேண்டும். நனைந்தாலும் கீழே விழுந்தாலும் கெடக்கூடாது. உச்சி வெயிலில் திரை தெளிவாகத் தெரிய வேண்டும். எடுத்துக்காட்டாக, கார்மின் நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் கருவியில் இரண்டு பென்சில் செல்கள் போட்டால் 25 மணி நேரம் ஓடும் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. செல் தீர்ந்தால் பெட்டிக்கடையிலும் வாங்கிப் போடலாம். ஆனால் திரை 2.2 அங்குலமே, வாய் திறந்து வழி சொல்லாது. அதைக் காரில் வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டே ஓட்டுவது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும். அதன் உடன்பிறப்பான 32எக்ஸில் மின்னணுத் திசைகாட்டியும் உண்டு. திசைகாட்டி இல்லாத கருவி, நாம் நடக்கும்போதுதான் அம்புக்குறியைச் சரியாகக் காட்டும், நின்றால் குழம்பும்.

“எல்லாவற்றுக்கும் கைப்பேசியே போதுமே” என்றார் மைத்துனர். நானும் இணங்கினேன். அதன் பலனை மே மாதத்து ஞாயிறு ஒன்றில் கண்டோம்.

அன்று மாலை

நகருக்கு வெளியே உள்ள ஒரு குன்றில் பெட்டி தேடச் சென்றோம். நாக்பூர் வெயில் அன்பர்கள் அறியாததன்று. கார்க் கண்ணாடியின் கீழ் வைத்திருந்த கைப்பேசி பாதி வழியிலேயே, சூடு மிகுந்துவிட்டதென்று அறிவித்துத் தானே அணைந்துவிட்டது. ஈரத் துணியில் சுற்றி உயிர்ப்பித்தோம். குன்றடியை அடைந்ததும், “அரை மணியில் வந்துவிடுகிறேன், மாமா” என்று பையன் அதை எடுத்துக்கொண்டு மேலே போனான். அரை மணி ஒன்றரை மணியாயிற்று. என் கைப்பேசியிலிருந்து அழைத்தால் அவனுடையது அணைந்து கிடந்தது. அவனுக்கு வரைபடமும் அதுவே, திசைகாட்டியும் அதுவே, எங்களைக் கூப்பிடும் குரலும் அதுவே. ஒன்று போனதும் மூன்றும் போயின. பொழுது சாய்ந்தது. மைத்துனர் குன்றை நோக்கி மகன் பெயரைச் சொல்லிக் கூவிய குரல் இன்றும் என் காதில் இருக்கிறது. இருட்டும் வேளையில், ஆடு மேய்ப்பவர் ஒருவர் மறுபக்கத்திலிருந்து அவனை அழைத்து வந்து சேர்த்தார். தண்ணீர்ப் புட்டி காலியாகி, நா வறண்டு, பேச்சின்றி நின்றான் பிள்ளை. அவனைத் திட்ட எங்கள் இருவருக்கும் வாய் எழவில்லை. தவறு எங்களுடையது.

அன்றிரவே முடிவு செய்தோம். சாலைக்குக் கைப்பேசி, குளிர்காற்று வரும் துவாரத்தின் முன்னே அதற்கு ஒரு தாங்கி. மலைக்குத் தனிக் கருவி, பழையதாயினும் நன்று. திசைகாட்டியும் பென்சில் செல்லும் உடையதாக ஒன்று வாங்கி, மாற்றுச் செல் நான்கையும் பையில் வைத்தோம். புதிதாக ஒரு பெரிய கருவி வாங்குவதைவிடச் செலவும் குறைந்தது.

வாங்குவோர் நினைவிற்கு

அமெரிக்கக் கோள்களோடு ருஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, நம் இஸ்ரோவின் நாவிக் ஆகியவற்றில் ஒன்றிரண்டையும் ஏற்கும் கருவி பள்ளத்தாக்கிலும் மரநிழலிலும் தடுமாறாது. எண்களை எழுதும் முறையையும் கவனிக்க வேண்டும். 21 டிகிரி 08.500 நிமிடம் என்பதை 21.08500 டிகிரி என்று பதிந்தால் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தள்ளிப் போய்த் தேடுவோம். அளவை ஆதாரத்தை ‘டபிள்யூ.ஜி.எஸ். 84’ என்று வைக்க வேண்டும். 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே லாம்டன் தொடங்கிய பெரு நிலவளவையின் வழிவந்த பழைய வரைபடங்கள் வேறோர் ஆதாரத்தைக் கொண்டவை. அந்த லாம்டன் 1823இல் மறைந்தது நம் நாக்பூரை அடுத்த ஹிங்கன்காட்டில் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

மற்றொன்று முக்கியம். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகளும் விற்பனையில் உள்ளன. அரசின் அனுமதியின்றி அவற்றை நம் நாட்டில் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லும்போது, வாங்கும் கருவி மட்டும் போதும், அனுப்பும் கருவி வேண்டா என்று தெளிவாகச் சொல்லுக. நிலையத்திலோ தண்டவாளத்தருகிலோ பெட்டி வைப்பதை நினைக்கவும் வேண்டா. கேட்பாரற்ற பெட்டி ஒன்றைக் கண்டால் நாங்கள் படும் பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

கருவி வந்த அன்று பையன் அதில் இடங்களைப் பதிந்துகொண்டிருந்தான். ‘வீடு’ என்று ஒரே ஓர் இடத்தைத்தான் குறிக்கலாமாம். “எதைப் போடட்டும், மாமா?” என்று கேட்டான். மைத்துனர் ஊரைச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் சற்றே யோசித்து, “வழி தவறினால் அன்றிரவு உன் அம்மா எங்கே காத்திருப்பாளோ, அதைப் போடு” என்றார். நாக்பூர்க் குடியிருப்பு ‘வீடு’ ஆயிற்று. கிராமத்துக் கிணற்றடியை ‘ஊர்’ என்று தனியே பதிந்தான். குறியைத் தொட்டுப் பார்த்தோம். நேர்க்கோட்டில் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். அம்பு தெற்கே காட்டியது.